கையில் எடுக்க முடியாததைக் கண்ணருகே கொண்டுவருதல்: தொல்லியல் ஆய்வில் மெய்நிகர் தொழில்நுட்பம்

கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கல்விச் சுற்றுலா சென்ற மாணவிகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பழம்பொருட்கள் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும். "தொடாதீர்கள்" என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு பானையின் அடிப்பகுதியை, ஒரு கல்லின் பின்புறத்தை, ஒரு நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வழியிருக்காது. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்காக விரைவாக நகரவும் வேண்டும். பார்த்தோம், வந்தோம் என்றாகிவிடும். படித்தோம் என்று சொல்ல முடியாது.

இந்தத் தடை நியாயமானதுதான். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய ஒரு மட்பாண்டம் ஒரு கை தவறினால் உடைந்துபோகும். ஆனால் தொல்பொருளைப் படிக்க விரும்புகிறவர் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். பாதுகாப்பும் வேண்டும், படிப்பும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக வந்திருப்பதுதான் "வேர்ச்சுவல் ரியாலிட்டி" எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பம்.

மெய்நிகர் காட்சி எவ்வாறு தோன்றுகிறது?

நமது இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. ஆகவே ஒரே பொருளை இடது கண் ஒரு கோணத்திலும் வலது கண் சற்று வேறொரு கோணத்திலும் காண்கின்றன. மூளை இவ்விரு படங்களையும் இணைத்து, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன் பருமன் என்ன என்பதை உணர்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்க முயன்று பாருங்கள். இரு கண்களின் பயன் விளங்கும்.

மெய்நிகர் கண்ணாடி இந்த இயல்பையே பயன்படுத்துகிறது. அதனுள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டப்படுகிறது. தலை திரும்புவதை உள்ளேயிருக்கும் உணரிகள் அறிந்து, திரும்பிய பக்கத்துக்குரிய காட்சியை உடனுக்குடன் மாற்றித் தருகின்றன. இதனால் நாம் படத்தைப் பார்ப்பதாக அல்லாமல், அந்த இடத்திலேயே நிற்பதாக உணர்கிறோம். விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய காட்போர்ட் என்பது, இரு வில்லைகள் பொருத்திய ஒரு அட்டைப்பெட்டிதான். அதற்குள் கைத்தொலைபேசியை வைத்தால் போதும்.

பொருளைக் கணினிக்குள் கொண்டுவரும் வழிகள்

கண்ணாடி காட்டும் கருவி மட்டுமே. அதில் காட்டப்படும் முப்பரிமாண உருவத்தை முதலில் உருவாக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் பெருவழக்கில் உள்ளன.

முதலாவது, புகைப்பட அளவியல். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒரு படமும் அடுத்த படமும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பல பத்துப் புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் தெரியும் ஒரே புள்ளிகளைக் கணினி இனங்கண்டு, அவை வெளியில் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடுகிறது. திரிகோண கணிதத்தில் நாம் படிக்கும் கோணங்களும் தூரங்களும் இங்கே வேலை செய்கின்றன.

இரண்டாவது, லேசர் ஸ்கேன். ஒளிக்கற்றை பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு இலட்சக்கணக்கான புள்ளிகளின் தூரம் அளக்கப்படுகிறது. பெரிய கட்டடங்களுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, வைத்தியசாலைகளில் நாம் அறிந்த சீ.ரீ. ஸ்கேன். ஊடுகதிர் மூலம் பொருளின் உட்புறத்தையும் திறக்காமலே காட்டும். கிரேக்கக் கடலில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 1901ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அன்டிகிதெரா எந்திரம் துருவேறிய வெண்கலக் கட்டியாக இருந்தது. 2005ஆம் ஆண்டு ஏதென்ஸில் அதை இவ்வகையில் ஆராய்ந்தபோது, உள்ளே மறைந்திருந்த பற்சக்கரங்களும் ஆயிரக்கணக்கான எழுத்துக்களும் தெரியவந்தன. வானியல் கணிப்புக்கான கருவி அது என்பது மேலும் உறுதியாயிற்று.

நான்காவது, ஒளி மாற்றிப் படமெடுக்கும் முறை. கமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் வைத்துப் பல படங்கள் எடுப்பார்கள். பின்னர் கணினியில் ஒளியின் திசையை விரும்பியபடி மாற்றித் தேய்ந்த எழுத்துக்களைப் படிப்பார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது மணலில் பதிந்த காலடிகள் தெளிவாகத் தெரிவதைக் கடற்கரையில் கண்டிருக்கிறோம். அதே தத்துவந்தான்.

கீழடியும் கொந்தகையும்

தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்கு அருகே உள்ள ஊர் கீழடி. இந்தியத் தொல்லியல் துறை அங்கே 2014–2015 காலத்தில் அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் முதலியன கிடைத்தன. 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி கி.மு. 580 அளவிலானது என்ற காலக்கணிப்பு 2019ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அறிக்கையில் இடம்பெற்றது. 2023 மார்ச் 5ஆம் திகதி அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் அமைந்த அக்கட்டடத்தில், பொருட்களோடு காணொளிகளும் தொடுதிரைகளும் மெய்நிகர் காட்சிகளும் இடம்பெற்றுள்ளன.

இங்கே ஒன்றை மாணவிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அகழாய்வு என்பது மீண்டும் செய்ய முடியாத பரிசோதனை. இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை பிழைத்தால் திரும்பச் செய்யலாம். மண் அடுக்கை ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டால் அது போனதுதான். ஆய்வு முடிந்த குழிகள் பெரும்பாலும் மூடப்பட்டும் விடுகின்றன. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதே வரலாற்றுக்குச் சான்று. அந்தக் குழியை அடுக்கடுக்காக முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வைத்தால், பத்து ஆண்டு கழித்தும் ஒரு மாணவி மெய்நிகர் கண்ணாடியுடன் அதற்குள் இறங்கலாம். முதலில் தோண்டியவர் கவனிக்காததையும் அவள் கவனிக்கலாம்.

கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஒரு புதைவிடம். அங்கே முதுமக்கள் தாழிகளில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுள் இரு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து, அந்தக் கணினிப் பதிவுகளை இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தசை, கொழுப்பு, தோல் எனப் படிப்படியாகக் கணினியில் சேர்த்து முகங்கள் உருவாக்கப்பட்டன. அம்முகங்கள் 2025ஆம் ஆண்டு வெளியாயின. இதில் ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தது கணினிக் கோப்பு, எலும்பு அன்று.

கடலடியில் ஓர் ஆய்வுகூடம்

நமது நாட்டுக்கு வருவோம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கொடவாய என்ற கரையோர ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால், 30 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு பழைய கப்பலின் சிதைவு கிடக்கிறது. அதை முதலில் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர். சங்கு குளிக்கும் கடற்றொழிலாளர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழைமையான இச்சிதைவு, இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற் சிதைவுகளில் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. கண்ணாடிக் கட்டிகள், மட்பாண்டங்கள், கால்களோடு செதுக்கப்பட்ட அம்மி போன்ற அரைகல் முதலியன அங்கே கிடைத்தன.

அந்த ஆழத்தில் ஒரு சுழியோடி ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே பாதுகாப்பாக வேலை செய்ய முடியும். நீரோட்டமும் கலங்கலும் வேறு. ஆனால் அந்த நிமிடங்களுக்குள் எடுத்த படங்களை இணைத்து ஒரு மெய்நிகர் கடலடியை உருவாக்கினால், கரையில் இருந்து மணிக்கணக்காக ஆராயலாம். இது கற்பனையல்ல. மத்தியதரைக் கடலில் மால்டா நாட்டுக்கு அருகே, 110 மீற்றர் ஆழத்தில், ஏறக்குறைய 2,700 ஆண்டு பழைமையான பொனீசியக் கப்பலொன்று கிடக்கிறது. மால்டா பல்கலைக்கழகத்தினர் அதையும் வேறு பல சிதைவுகளையும் முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, 2020ஆம் ஆண்டு முதல் இணையத்தில் ஒரு மெய்நிகர் நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாதவரும் அங்கே இறங்கலாம்.

மூன்று மொழி பேசும் கல்

1911ஆம் ஆண்டு காலி நகரில், மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த ஒரு கற்பலகையை ஒரு பொறியியலாளர் கண்டார். புரட்டிப் பார்த்தால் அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த இக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபிலும் காணிக்கைகளைக் கூறுகின்றன. செங் ஹ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

இம்மூன்றில் மிக அதிகமாகத் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதி. மேலே சொன்ன ஒளி மாற்றிப் படமெடுக்கும் முறை இத்தகைய கற்களுக்காகவே ஏற்பட்டது போன்றது. இக்கல்லின் ஒரு முழுமையான முப்பரிமாணப் பதிவு வகுப்பறைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் படிக்கும் மாணவி 15ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். குர்ஆன் மத்ரசாவில் அரபு எழுத்துப் பழகிய அவளது தோழி, அதே எழுத்தில் அமைந்த பாரசீக வரிகளில் தனக்குத் தெரிந்த எழுத்துக்களைத் தேடுவாள். சிங்களப் பாடசாலை மாணவி ஒருத்தியும் தன் ஊரின் புத்தர் கோயில்களோடு இதைத் தொடர்புபடுத்துவாள். ஒரே கல்லைச் சுற்றி மூவரும் உட்காரலாம்.

அலை கொண்டுபோனவை

இத்தொழில்நுட்பம் ஒரு வேடிக்கை அன்று என்பதை உணர்த்த, 2004 டிசம்பர் 26 போதும்.

1659ஆம் ஆண்டு காலித் துறைமுகத்தில் நங்கூரம் இழுபட்டு மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் ஒன்றின் பெயர் அவொன்ட்ஸ்டர். மாலை நட்சத்திரம் என்று பொருள். 2001 முதல் கடல்சார் தொல்லியல் பிரிவினர் அதை அகழ்ந்து பொருட்களை எடுத்துப் பேணி வந்தார்கள். சுனாமி அவர்களது கட்டடத்தையும் ஆய்வுகூடத்தையும் அடித்துச் சென்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்து தப்பிய பொருட்கள் பல, கரைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அலையோடு போயின. பொருள் போனபின், அதைப் பற்றி எடுத்த படமும் அளவும் குறிப்பும் மட்டுமே அதன் வாழ்வு.

நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அன்றைய தினம் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை. மருதமுனை முதல் பொத்துவில் வரை கரையோர வீடுகள் பெட்டகங்களோடும் ஏடுகளோடும் கைத்தறிகளோடும் போயின. உயிர்களின் இழப்புக்கு முன் பொருட்களின் இழப்பு பெரிதல்ல என்று அப்போது யாரும் அவற்றைப் பற்றிப் பேசவில்லை, அது சரியே. ஆனால் அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்கு, தங்கள் மூத்தம்மாவின் வீடு எப்படியிருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் நமது ஊர்களில் எத்தனை!

ஈராக்கின் மோசூல் நூதனசாலையில் பழம்பொருட்கள் உடைக்கப்பட்ட காட்சிகள் 2015 பெப்ரவரியில் வெளிவந்தன. உடனே இளம் ஆய்வாளர் சிலர், முன்பு அங்கு சென்றவர்கள் எடுத்த சாதாரணப் புகைப்படங்களை இணையத்தின் வழியே திரட்டத் தொடங்கினார்கள். சுற்றுலாப் பயணிகளும் படைவீரர்களும் தங்கள் நினைவுக்காக எடுத்த அந்தப் படங்களிலிருந்து உடைந்த சிலைகளின் முப்பரிமாண உருவங்கள் உருவாயின. அவற்றைக் கொண்டு ஒரு மெய்நிகர் நூதனசாலையும் அமைக்கப்பட்டது. நினைவுக்காக எடுத்த படம் வரலாற்றுக்கு உதவியது.

எவ்வளவு நம்பலாம்?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். மெய்நிகர் காட்சிக்கு இது நன்கு பொருந்தும்.

முதலாவதாக, அளந்தது வேறு, ஊகித்தது வேறு. கொந்தகை மண்டையோடுகளில் கீழ்த்தாடை இல்லை; அதை ஆய்வாளர்கள் கணிப்பின் மூலமே அமைத்தார்கள். தோலின் நிறமும் அவ்வாறே. இதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்க்கும் நாம் "இதுதான் அவர்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். இடிந்த கட்டடத்துக்குக் கூரை போட்டுக் காட்டும் காட்சிகளிலும் இந்த ஆபத்து உண்டு. எது கிடைத்தது, எது சேர்க்கப்பட்டது என்பதை நிறத்தால் பிரித்துக் காட்டும் காட்சியே நேர்மையான காட்சி. எந்த மெய்நிகர் காட்சியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இரண்டாவதாக, பொருளின் எடை, குளிர்ச்சி, மணம், தட்டினால் எழும் ஓசை ஆகியன இதில் வருவதில்லை. நன்கு சுட்ட பானையையும் சரியாகச் சுடாத பானையையும் தட்டிப் பார்த்தே சொல்லும் குயவரின் அறிவைக் கண்ணாடி தராது. ஆகவே இது நூதனசாலைக்கு மாற்று அன்று, துணை.

மூன்றாவதாக, கோப்பும் அழியும். கணினி பழுதாகலாம், செயலி நிறுத்தப்படலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதி வைத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மெய்நிகர் கண்ணாடியை நீண்ட நேரம் அணிந்தால் தலைச்சுற்றும் கண்சோர்வும் வரலாம். பத்து, பதினைந்து நிமிடங்கள் பார்த்து ஓய்வெடுப்பது நன்று. சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதாயின் கருவியோடு வரும் வயது அறிவுறுத்தலைப் படியுங்கள்.

எமது ஊரில் எதிலிருந்து தொடங்குவது?

மண்ணைத் தோண்டுவதிலிருந்து அல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் தொல்பொருளுக்காக அகழ்வது குற்றம். காணியில் தற்செயலாக ஏதும் கிடைத்தால், கிடைத்த இடத்தைக் கலைக்காமல் உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பதே முறை.

நமது வீட்டிலிருந்தே தொடங்கலாம். வெற்றிலை வட்டா, படிக்கம், நெல் அளந்த மரைக்கால், அம்மி, திரிகை, பன்பாய், கைத்தறியின் நாடா, அரபுத் தமிழில் எழுதிய பழைய கிதாபு – இவற்றுள் ஏதோ ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். செய்முறை எளியது:

1. பொருளை வெயில் நேரே படாத, வெளிச்சம் பரவலாக உள்ள இடத்தில் வையுங்கள். பின்னணியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தால் கணினிக்குப் புள்ளிகளை இனங்காண இலகு.

2. பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள். அளவு இல்லாத படம் ஆய்வுக்குப் பாதிப் பயனே தரும்.

3. பொருளை அசைக்காமல், நீங்கள் அதைச் சுற்றி நடந்து படமெடுங்கள். தாழ்வாக ஒரு சுற்று, நடு உயரத்தில் ஒரு சுற்று, மேலிருந்து ஒரு சுற்று. ஒரு படத்தின் மூன்றில் இரண்டு பங்காவது அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். ஐம்பது, அறுபது படங்கள் போதும். துலக்கிய பித்தளை போன்ற மினுங்கும் பொருட்கள் இம்முறைக்குச் சரிவராது. மண், மரம், கல், பன் ஆகியவற்றில் பழகுங்கள்.

4. இப்படங்களை இணைத்து உருவமாக்கும் இலவச மென்பொருட்கள் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் உள்ளன. தகவல் தொழில்நுட்பப் பாட ஆசிரியையின் உதவியைக் கேளுங்கள்.

5. உருவத்தோடு குறிப்பையும் எழுதுங்கள். பொருளின் பெயர் நமது ஊர் வழக்கில் என்ன? யார் செய்தார்? எதற்குப் பாவித்தார்கள்? எப்போது கைவிட்டார்கள்? உரியவரின் சம்மதம் பெறாமல் எதையும் வெளியிட வேண்டாம்.

இவற்றுள் ஐந்தாவதுதான் மிக அவசரமானது. மரைக்கால் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். அதை வைத்து வயலில் நெல் அளந்த விதத்தையும், அளக்கும்போது சொன்ன வார்த்தைகளையும் அறிந்த மூத்தப்பா அவ்வளவு காலம் இருக்கமாட்டார். எந்த ஸ்கேன் கருவியும் அவரது நினைவைப் படம் பிடிக்காது; பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பேத்திதான் அதைச் செய்ய வேண்டும்.

காத்தான்குடியில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்வைக் காட்டும் பூர்வீக நூதனசாலை ஒன்று இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த இத்துறையில் நமது பெண்பிள்ளைகள் படிக்கவும் தொழில் செய்யவும் இடமுண்டு. கலைப்பிரிவு எடுத்தால் எதிர்காலமில்லை என்று எண்ணும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

வருகிற விடுமுறையில் ஒவ்வொரு மாணவியும் ஒரே ஒரு பொருளைப் பதிவுசெய்தால், தவணை தொடங்கும்போது கல்லூரியில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கொண்ட ஒரு மெய்நிகர் நூதனசாலைக்குத் தேவையானவை சேர்ந்திருக்கும். படங்களின் ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரமான ஓர் இடத்திலும் வைத்துவிடுங்கள்.